ஜீன் டியர்னியின் முகத்துக்கு ஒரு டிஸ்க்: ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ ப்ளூரே

பழைய ஹாலிவுட் நடிகை ஜீன் டியர்னியை மங்கிய பிரதியில் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்கள்: ஆள் அழகு, நடிப்பு ஒன்றுமில்லை. கையை வீசி, குரலை உயர்த்தி நடிக்கிற ரகம் அவர் இல்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது இமைக்காமல் இருப்பார். சொல்லி முடித்த பிறகு உதட்டை மூடக் கொஞ்சம் தாமதிப்பார். தலையை அரை அங்குலம் திருப்புவார். எல்லாமே இந்த அளவில்தான் நடக்கும். பழைய டிவிடியிலும், யாரோ இணையத்தில் ஏற்றிவிட்ட பிரதியிலும் முதலில் அழிவது இந்த அரை அங்குலம்தான். அதனால் இவர் விஷயத்தில் நல்ல டிஸ்க் என்பது வசதிக்கான செலவு என்று ஒதுக்கிவிட முடியாது. நடிப்பு கண்ணுக்குத் தெரிவதா இல்லையா என்பதே அதைப் பொறுத்தது.

டியர்னிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது ஒரே ஒரு முறை, 1945-இல் வந்த ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ படத்துக்காக. அந்த ஆண்டு விருது ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ படத்தில் நடித்த ஜோன் கிராஃபோர்டுக்குப் போனது. ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ ஒளிப்பதிவாளர் லியோன் ஷாம்ராய்க்குத்தான் வண்ண ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வந்தது. அவர் வாங்கிய நான்கில் இது ஒன்று. ஜான் எம். ஸ்டால் இயக்கம், ஆல்ஃபிரட் நியூமன் இசை, ஓட்டம் 110 நிமிடம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2018-இல் சேர்த்தார்கள். பழைய படங்களைத் தேர்ந்து டிஸ்க்காக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2020 மார்ச்சில் ப்ளூரேயாகவும் டிவிடியாகவும் வெளியிட்டது. பெட்டியின் முதுகில் 1020 என்ற எண் இருக்கும். அட்டை விலை 39.95 டாலர். இந்த நிறுவனத்தின் டிஸ்குகள் ஆண்டில் சில முறை பாதி விலைக்கு வரும், அதுவரை பொறுப்பவர்களுக்கு லாபம். இங்கே பேசுவது ப்ளூரே பற்றி. டிவிடியை வாங்க ஒரு காரணமும் இல்லை.

கதையை அதிகம் சொல்லாமல் சொல்வதானால்: எலன் என்ற பெண் ரயிலில் ஓர் எழுத்தாளனைப் பார்க்கிறாள். இறந்துபோன தன் அப்பாவின் சாயல் அவனிடம் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்கிறாள். அவனுக்கும் தனக்கும் நடுவில் அவன் தம்பி, தன் அம்மா, தங்கை, பிறக்கப்போகும் பிள்ளை என்று யாருமே இருக்கக் கூடாது என்று நினைக்கிறாள். கார்னல் வைல்ட் எழுத்தாளன், ஜீன் கிரெய்ன் தங்கை முறையில் வளர்ந்த ரூத், வின்சென்ட் பிரைஸ் கைவிடப்பட்ட பழைய மாப்பிள்ளை. பிரைஸ் கடைசி அரை மணியில் நீதிமன்றத்தில் வக்கீலாக வந்து தொண்டை கிழியக் கத்துகிறார். அந்த அரை மணிதான் படத்தின் பலவீனமான பகுதி. டியர்னி அதில் இல்லை என்பதே காரணம்.

முதலில் படத் தரம். இதைப் பேசுவதற்கு முன், மூலப் பிரதிக்கு என்ன ஆனது என்று தெரிந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் டிஸ்க் மீது தேவையில்லாத குறை சொல்லிவிடுவோம். இது மூன்று சுருள் டெக்னிகலர் முறையில் எடுத்த படம். கேமராவுக்குள் ஒரு கண்ணாடிப் பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பங்கு பச்சை வடிகட்டி வழியே ஒரு சுருளுக்குப் போகும். மற்றது ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி ஓடும் இரண்டு சுருள்களுக்கு. முன்னால் உள்ளது நீலத்தையும், பின்னால் உள்ளது சிவப்பையும் பதியும். மூன்றுமே கறுப்பு வெள்ளை நெகட்டிவ்தான். வண்ணம் என்பது பிரிண்ட் போடும்போது சாயமாக ஏற்றப்படுவது. சிவப்புக்குரிய ஒளி முன் சுருளைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் அந்தப் பதிவு எப்போதும் ஒரு பிடி மென்மையாகவே இருக்கும். ஷாம்ராய் டியர்னியின் உதட்டுச் சிவப்பை அப்படி ஓங்கி வைத்தும் அது கத்தி மாதிரிக் குத்தாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மூன்று நெகட்டிவ்களும் இன்று இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் தீப்பற்றக்கூடியது, வைத்துக் காப்பது செலவு. ஃபாக்ஸ் ஸ்டுடியோ 1970-களில் தன் டெக்னிகலர் படங்களை ஒற்றைச் சுருள் வண்ணப் பிரதிகளாக மாற்றிவிட்டு மூலங்களைத் தூக்கிப் போட்டது. இதில் இரட்டை நஷ்டம். மாற்றும்போது மூன்று பதிவுகளும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராமல் போயிருந்தால் அந்தப் பிசகு நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிறகு அந்த ஒற்றைச் சுருளின் சாயமும் ஆண்டுக்கு ஆண்டு மங்கும். மூலம் இருந்திருந்தால் மூன்றையும் கணினியில் தனித்தனியே ஏற்றி, மயிரிழை பிசகாமல் பொருத்திவிடலாம். ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ இன்று அத்தனை துல்லியமாக இருப்பது மூலம் பிழைத்ததால்தான். இந்தப் படத்துக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

எனவே ஃபாக்ஸும் அகாதெமி திரைப்படக் காப்பகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2கே நுணுக்கத்தில் (சட்டகத்தின் அகலம் சுமார் 2000 புள்ளி) செய்த மீட்டெடுப்பை, மிஞ்சியதைக் கொண்டு செய்த வேலை என்றுதான் மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் வேலை நன்று. தோல் நிறம் மெழுகாக மாறவில்லை, ஃபிலிம் சுருளுக்கே உரிய மணிகளை (கிரெயின்) துடைத்து எறியவில்லை. தூரக் காட்சிகளில் கூர்மை குறைகிறது. வெள்ளைச் சட்டைக் காலர், சன்னல் சட்டம் போன்ற கூரான ஓரங்களில் சில இடங்களில் மெல்லிய வண்ணக் கசிவு தெரியும். அது டிவியின் கோளாறும் இல்லை, கேபிளின் கோளாறும் இல்லை. அதைச் சரிசெய்ய ரிமோட்டைத் தேடாதீர்கள். அண்மைக் காட்சிகளில் இந்தக் குறை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. நல்லவேளையாக டியர்னியின் வேலை முழுக்க அண்மைக் காட்சிகளில்தான்.

இனி வருவது கதையின் ஒரு முக்கியக் கட்டம். படம் பார்க்காதவர்கள் மூன்று பத்தி தாண்டிப் போகலாம்.

ஏரிக் காட்சி. எழுத்தாளனின் தம்பி டேனிக்கு இளம்பிள்ளை வாதத்தால் கால் பலமில்லை. எலன் படகு வலிக்க, பையன் பின்னால் நீந்தி வருகிறான். அடர் பச்சை மலை, கலங்காத நீர், காலை வெயில். கதைப்படி இது மேய்ன் மாநிலம், படம் பிடித்தது கலிஃபோர்னியாவின் பாஸ் ஏரியில். எலன் வெள்ளை மேலங்கி போட்டிருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறாள். பையன் களைத்துப்போகிறான். வயிற்றில் பிடித்துக்கொண்டது என்கிறான். மூழ்குகிறான், மேலே வருகிறான், மறுபடி மூழ்குகிறான். அவள் துடுப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னணி இசை கிடையாது. நீர்ச் சத்தமும் பையன் குரலும் மட்டும்.

ஒரு நடிகைக்குப் பேர் வாங்கித் தந்த கண்களை மூடிவிட்டு, படத்தின் மிக முக்கியமான நடிப்பை வாங்கியிருக்கிறார் ஸ்டால். மிஞ்சியிருப்பது வாயும் தாடையும்தான். இந்த டிஸ்க்கில் உற்றுப் பார்த்தால் தெரியும்: அவள் உதடு இறுகவில்லை. வில்லிக்குரிய எந்த அடையாளத்தையும் டியர்னி முகத்தில் வைக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் முகம் அது. கரையிலிருந்து கணவன் வருவது தெரிந்த பிறகுதான் உடம்பு விழித்துக்கொள்கிறது. அலறல், மேலங்கியைக் கழற்றுதல், நீரில் பாய்தல் எல்லாம் மூன்று நொடிக்குள். அந்த அலறல் முழுக்கப் பொய் என்று நமக்குத் தெரியும், கணவனுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நடிக்க வேண்டிய கட்டம். சுருக்கி அமுக்கிய பிரதியில் இந்த முகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அப்போது “நிற்கிறார், அவ்வளவுதான்” என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

மாடிப்படிக் காட்சியிலும் இதே முறை. வெளிர் நீல உடை, அதற்கு இசைந்த செருப்பு, வயிற்றுப் பிள்ளை வேண்டாமென்று வேண்டுமென்றே கீழே விழப்போகிறவள் முதலில் கண்ணாடி முன் அமர்ந்து அலங்காரம் செய்துகொள்கிறாள். கம்பளத்தின் ஓரத்தில் செருப்பின் முனையை அவள் செருகும் அண்மைக் காட்சியில் நீலத்தின் இரண்டு சாயைகள் தனித்தனியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உங்கள் டிவி அமைப்பு தவறு.

அந்த அமைப்பைப் பற்றி. கடையில் பெட்டியைப் பிரித்தபோது இருந்த ‘வைவிட்’ அல்லது ‘டைனமிக்’ நிலையிலேயே பல வீடுகளில் டிவி கிடக்கும். இந்தப் படத்துக்கு அது விஷம். டெக்னிகலர் ஏற்கெனவே நிறம் ஓங்கியது, அதன் மேல் டிவியும் ஓங்கினால் உதட்டுச் சிவப்பு வழிந்து கன்னம் வரை வரும். ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ நிலைக்கு மாற்றுங்கள். வண்ண வெப்பம் ‘வார்ம் 2’ அல்லது உங்கள் டிவியில் உள்ளதில் மிக வெதுவெதுப்பானது. ஷார்ப்னெஸ் 0, அல்லது அந்த நிறுவனம் நடுநிலை என்று வைத்திருக்கும் எண். நாய்ஸ் ரிடக்‌ஷன் எத்தனை பெயரில் இருந்தாலும் அத்தனையும் அணைக்க வேண்டும். மோஷன் ஸ்மூத்திங் கட்டாயம் அணைக்க வேண்டும். அது நொடிக்கு 24 சட்டகத்துக்கு நடுவில் தானாகச் சட்டகம் தயாரித்துச் செருகும். துடுப்பு வலிக்கும் காட்சி மெகா சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். பிளேயரில் 24பி (நொடிக்கு 24 சட்டகம்) வெளியீட்டை ‘ஆட்டோ’வில் வைத்தால் போதும்.

படம் 1.37:1 விகிதத்தில் எடுத்தது, ஏறத்தாழச் சதுரம். அகலத் திரை டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். 1920 புள்ளி அகலத்தில் படம் பிடிப்பது சுமார் 1480, மீதி இரு பக்கமும் பிரியும். திரை நிரம்ப வேண்டும் என்று ‘ஜூம்’ அழுத்தினால் மேலும் கீழுமாகச் சட்டகத்தின் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடும். அண்மைக் காட்சியில் போவது டியர்னியின் நெற்றியும் தாடையும். ‘ஸ்ட்ரெச்’ அழுத்தினால் இன்னும் மோசம், முகம் பூசணிக்காயாகும்.

ஒலி சுருக்கப்படாத மோனோ, அதாவது ஒற்றைத் தடம். நடு ஸ்பீக்கர் ஒன்றிலோ, முன் ஸ்பீக்கர் இரண்டிலோ வந்தால் சரி. சவுண்ட்பாரில் ‘சரவுண்ட்’, ‘3டி’ என்று எது எரிந்தாலும் அணைத்துவிடுங்கள், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். படத்தொடக்கத்தில் பெயர் ஓடும்போது முரசு அதிரும். அதைக் கேட்டுவிட்டு ஒலியைக் குறைத்தால் ஏரிக் காட்சியில் ஒன்றுமே கேட்காது. முதல் வசனக் காட்சியை வைத்து அளவைத் தீர்மானித்து, பிறகு தொடாமல் விடுவது நல்லது. மின்விசிறியை ஒன்றில் வைத்துப் பாருங்கள். ஐந்தில் சுழன்றால் நீர்ச் சத்தத்தை அதுவே விழுங்கிவிடும். காது கேளாதோருக்கான ஆங்கில வசன வரி மட்டும் உண்டு. டியர்னியின் குரல் தாழ்வானது. தன் குரல் கீச்சென்று இருப்பதாக நினைத்து அதைத் தணிக்கச் சிகரெட் பிடிக்கத் தொடங்கியவர் அவர். 1991-இல் ஹூஸ்டனில் அவரைக் கொண்டுபோனது நுரையீரல் நோய்தான்.

வாங்குவதில் மாட்டிக்கொள்ளும் இடம் மண்டலப் பூட்டு: உலகை ஏ, பி, சி என்று பிரித்து, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி செய்வது. அமெரிக்கப் பதிப்பு ஏ மண்டலத்துக்குப் பூட்டியது. இந்தியாவும் இலங்கையும் ப்ளூரே கணக்கில் சி மண்டலம். சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிய சாதாரண பிளேயரில் போட்டால் “இந்த டிஸ்க்கை இயக்க முடியாது” என்ற அட்டைதான் வரும். சிங்கப்பூர், மலேசியா, கனடாவில் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, அங்கெல்லாம் ஏ. லண்டன், பாரிஸ், மெல்பர்ன் பி மண்டலம். பிளேஸ்டேஷன் மாதிரியான விளையாட்டுப் பெட்டிகளும் விளையாட்டு டிஸ்க்கைப் பூட்டாது, சினிமா ப்ளூரேயைப் பூட்டும்.

இதற்கு மூன்று வழி. முதலாவது, எல்லா மண்டலமும் ஓடும்படி மாற்றிய பிளேயர். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் பூட்டு திறந்துவிடும் என்று இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் டிவிடிக்கு மட்டும் வேலை செய்பவை. ப்ளூரே பூட்டு வேறு, டிவிடி பூட்டு வேறு. விற்பவரிடம் “ப்ளூரே ஏ, பி, சி மூன்றும் ஓடுமா” என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். இரண்டாவது வழி தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தோதானது: சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரிடம் அங்கு விற்கும் பிளேயரைச் சொல்லிவிடுவது. ஏ மண்டலம், மின்சாரமும் நம்முடையது போலவே 230 வோல்ட், பிளக் மட்டும் மாறும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தால் மண்டலம் சரி, ஆனால் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பெட்டியை நேரடியாகச் செருகினால் புகைதான். பின்பக்கம் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். எப்படியானாலும், ஏ பிளேயரில் சி பூட்டுள்ள டிஸ்க் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவது, கணினியில் ப்ளூரே டிரைவ். செலவு குறைவு, ஆனால் படம் ஓட்டும் மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

மலிவாக ஏதாவது சந்தைத் தளத்தில் கண்ணில் பட்டால் அடிப்பக்கத்தின் படம் கேளுங்கள். ஆலையில் அச்சிட்டது வெள்ளி மாதிரி இருக்கும், வீட்டில் எழுதியதில் நிறச் சாயை தெரியும். அசல் பெட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், ப்ளூரேகளுக்கு வழக்கமான நீலப் பெட்டியில் இது வராது.

கூடுதல் அம்சங்களுக்கு வருவோம். இங்கேதான் இந்தப் பதிப்பு ஏமாற்றுகிறது. விமர்சகர் இமோஜன் சாரா ஸ்மித்தின் நேர்காணல் ஒன்று, முன்னோட்டம் ஒன்று, உள்ளே மடித்து வைத்த தாளில் நாவலாசிரியை மெகன் அபாட்டின் கட்டுரை. அவ்வளவே. ஸ்மித்தின் பேச்சு நன்றாக இருக்கிறது. பட்டப்பகல் வெயிலில் நடக்கும் இந்தக் கதையை இருள் படங்களின் (ஃபிலிம் நுவார்) வகையில் வைப்பது எப்படி என்று சுற்றி வளைக்காமல் விளக்குகிறார். ஆனால் 39.95 டாலருக்கு இது போதாது. ஃபாக்ஸ் 2005-இல் வெளியிட்ட பழைய டிவிடியில் விமர்சகர் ரிச்சர்ட் ஷிக்கலும், டேனியாக நடித்த டாரில் ஹிக்மனும் படம் ஓட ஓடப் பேசிய வர்ணனை ஒலித்தடம் இருந்தது. அந்தப் படகின் பக்கத்தில் நீரில் கிடந்த பையனே வளர்ந்து பேசுகிறார், அதைக் கிரைட்டீரியன் விட்டுவிட்டது. அந்த டிவிடி பழைய சரக்காக எங்காவது கிடைத்தால் வர்ணனைக்காக மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க டிவிடி 1-ஆம் மண்டலம், நமது 5. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும், கடைசி முறை வைத்தது அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு பெரிய விடுபடல், டியர்னியின் வாழ்க்கை பற்றி ஒரு நிமிடப் படம்கூட இல்லை. இந்தப் படத்துக்கு அது வேண்டாத விஷயம் என்று சொல்ல முடியாது. 1943-இல் கருவுற்றிருந்தபோது அவருக்கு ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தொற்றியது. போர்க்கால வீரர்களை மகிழ்விக்கும் ஹாலிவுட் கேன்டீனுக்குப் போனபோது ஒட்டியது. அக்டோபரில் குறைமாதத்தில் பிறந்த மகள் டாரியாவுக்குக் காது கேட்கவில்லை, பார்வை சரியில்லை, மனவளர்ச்சியும் தடைப்பட்டது. பிறகொரு நாள் ஒரு ரசிகை வந்து, தான் அன்று நோயோடு ராணுவ முகாமிலிருந்து தப்பி வந்து உங்களைப் பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னதை டியர்னி 1979-இல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மகள் பிறந்து இரண்டு ஆண்டு கூட ஆகாத நிலையில்தான், கால் முடியாத பையன் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணாக நடித்தார். நடிப்பை இதைக்கொண்டு விளக்கிவிடலாம் என்று சொல்ல வரவில்லை, அது மலிவான வேலை. ஆனால் டிஸ்க் தயாரித்தவர்கள் இதை ஒரு வரியாவது தொட்டிருக்க வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்ப்பது வேறொரு டிஸ்க். ஃபாக்ஸின் ‘லாரா’ ப்ளூரேயில், டியர்னியைப் பற்றியே தொலைக்காட்சிக்கு எடுத்த வாழ்க்கை வரலாற்றுப் படம் சேர்த்திருக்கிறார்கள். புரூக்ளினில் 1920-இல் பிறந்தது, பிராட்வே நாடகத்தில் பார்த்து ஃபாக்ஸ் தலைவர் ஸானக் கூட்டிவந்தது, 1941-இல் வீட்டாரை மீறி ஆடை வடிவமைப்பாளர் ஓலெக் கசினியை மணந்தது என்று தொடங்கிப் போகும். நிறைய உடைந்த பிறகு வந்த காலம்தான் கனமானது. 1955-இல் ‘தி லெஃப்ட் ஹாண்ட் ஆஃப் காட்’ படப்பிடிப்பில் வசனம் நினைவில் நிற்காமல் தவித்தார். மனநோயுற்ற சகோதரி ஒருத்தி இருந்த சக நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் அறிகுறிகளைப் புரிந்துகொண்டு, அடியெடுத்துக் கொடுத்து முடிக்க வைத்தார். பிறகு மருத்துவமனைகள். 27 முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், வாழ்க்கையின் துண்டுகள் நினைவிலிருந்தே போயின. கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் மெனிங்கர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று மீண்ட காலத்தில், ஊரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார். ஒரு வாடிக்கையாளர் அடையாளம் கண்டுகொள்ள, பத்திரிகைகளில் தலைப்பாகிவிட்டது. 1960-இல் ஹூஸ்டன் எண்ணெய் அதிபர் ஹோவர்ட் லீயை மணந்து டெக்ஸாஸில் தங்கினார். 1962-இல் ‘அட்வைஸ் அண்ட் கன்சென்ட்’ படத்தில் சிறு வேடத்தில் திரும்பினார்.

‘லாரா’வையே முதலில் பாருங்கள் என்பதுதான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லக்கூடியது. 1944, கறுப்பு வெள்ளை, 88 நிமிடம். அந்தப் படத்தின் மையத்தில் தொங்கும் ஓவியம் ஓவியமே அல்ல. வரைந்தது எடுபடாததால் டியர்னியின் புகைப்படத்தைப் பெரிதாக்கி அதன் மேல் தூரிகையால் எண்ணெய் இழுத்தார்கள். நல்ல ப்ளூரேயில் ஓவியத்தின் முகத்தை உற்றுப் பார்த்தால் புகைப்படத்தின் மென்மை பிடிபடும். அதில் அவர் மற்றவர்கள் கற்பனைக்கு ஒரு திரை. ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ அதே அசைவற்ற முகத்தைக் கொலைகாரியிடம் கொடுக்கிறது. வரிசையாக இரண்டையும் பார்த்தால்தான் அவர் எதை மாற்றினார், எதை அப்படியே வைத்துக்கொண்டார் என்பது விளங்கும். மூன்றாவதாக ‘தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்’, 1947. இளம் விதவையிலிருந்து கிழவி வரை ஒரே உடம்பில் நடக்கும் படம், பெர்னார்ட் ஹெர்மனின் இசைக்காகவே வாங்கலாம். ‘நைட் அண்ட் தி சிட்டி’ அருமையான படம், ஆனால் டியர்னிக்காக வாங்காதீர்கள், அவருக்கு அதில் வேலை குறைவு. 1941, 1942 வாக்கில் அரபுப் பெண், பாலினேசியப் பெண், சீனப் பெண் என்று அவருக்கு மாட்டிவிட்ட வேடங்களை ஆய்வுக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

டியர்னி ரசிகர்கள், டெக்னிகலர் பித்து உள்ளவர்கள் இருவரும் இந்த டிஸ்க்கைத் தயங்காமல் வாங்கலாம், அதுவும் பாதி விலைக்கு வரும்போது. 2013-இல் ட்வைலைட் டைம் நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்ட ப்ளூரே ஏற்கெனவே அலமாரியில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். அந்தப் பழைய வர்ணனைத் தடம் அதில் உண்டு, கிரைட்டீரியனில் இல்லாததை விற்றுவிட்டு வருத்தப்பட நேரும். படத்தை மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்கள் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

டிஸ்க் வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஓட்டிச் சோதித்துவிடுங்கள். தொடக்க ரயில் காட்சி போதும். அதில் எலன் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு எதிரில் இருப்பவனை வெறித்துப் பார்ப்பாள். நீளமான அண்மைக் காட்சி. கண் பாவையின் நிறம், உதட்டின் ஓரம், பின்னால் உள்ள இருக்கைத் துணி மூன்றும் தனித்தனியே தெரிந்தால் டிஸ்க்கும் டிவியும் சரி. முன்னோட்டத்தைப் படம் முடிந்த பிறகு போடுங்கள், கதையைக் கொட்டிவிடுகிற ரகம் அது. ஏரிக் காட்சியை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். முதல் முறை அதற்கு ஒரு தடவைதான் வரும்.